பெயரைப் படமாக எழுதியவர்கள்



பிள்ளை பிறந்ததும் நாம் அதற்கு முதலில் கொடுக்கும் சொத்து ஒரு பெயர். பாட்டன் பெயர், குலதெய்வத்தின் பெயர், பிறந்த நட்சத்திரத்தின் பெயர் என்று பார்த்துப் பார்த்து வைக்கிறோம். பெரியவர்கள் அதைக் காதில் மும்முறை சொல்லித் தொட்டிலில் இடுகிறார்கள். வாயால் சொல்லும்வரை அந்தப் பெயரில் ஒரு சிக்கலும் இல்லை. அதை எழுதி வைக்க வேண்டும் என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எழுத்து அறிந்தவர்கள் எழுதிவிடுவார்கள். அகர வரிசையே இல்லாத நாட்டு மக்கள் என்ன செய்தார்கள்? ஒரு மனிதனின் பெயரைப் படத்தால் எழுத முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் உலகில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் எப்படி அதைச் செய்தார்கள் என்பதையும், நம் நாட்டுச் சிந்துவெளி முத்திரைகளுக்கும் நம் தமிழ்ப் பெயர்களுக்கும் அதில் என்ன தொடர்பு என்பதையும் இன்றைய உரையில் பார்ப்போம்.

முதலில் நம் பெரியவர்களுக்குத் தெரிந்த ஒரு முறையிலிருந்து தொடங்குவோம். ஊரில் சலவைத் தொழிலாளி பல வீட்டுத் துணிகளை ஒன்றாகச் சேர்த்து வெளுப்பார். ஆனாலும் ஒரு வீட்டு வேட்டி மறு வீட்டுக்குப் போகாது. காரணம், துணியின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் அவர் வைத்திருக்கும் குறி. ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு வீட்டுக்கு ஒரு கோடும் சுழியும் என்று வீட்டுக்கு ஒரு குறி இருக்கும். மாட்டுக்குப் போடும் சூடும் இத்தகையதே. எழுதப் படிக்கத் தெரியாதவர் பத்திரத்தில் வைக்கும் கைநாட்டும் ஒரு வகைக் குறிதான்.

இந்தக் குறிகள் ஆளைக் காட்டும். ஆனால் பெயரைச் சொல்லா. வேட்டியின் ஓரத்தில் இருக்கும் இரண்டு புள்ளியைப் பார்த்து, அது யாருடையது என்று சலவைத் தொழிலாளியால் சொல்ல முடியும். முன்பின் அறியாத ஒருவரால் அந்த வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. கைநாட்டும் அப்படியே. அந்த ரேகை உலகில் வேறு எவருக்கும் இல்லை என்றாலும், அது முனியம்மாளா, மூக்காயியா என்று ரேகை பேசாது. எனவே குறி வேறு, எழுத்து வேறு. பார்ப்பவர் வாயில் அதே பெயரின் ஒலியை வரவழைப்பதுதான் எழுத்து.

இனி, படத்தால் அந்த ஒலியை வரவழைக்கும் வழியைப் பார்ப்போம். வேலு என்பவருக்கு ஒரு வேலை வரைந்துவிடலாம். மயிலாயிக்கு மயில், தாமரைக்குத் தாமரைப் பூ, முத்துவுக்கு ஒரு முத்து. இவை எளிய பெயர்கள். பொருளை வரைந்தால் பெயர் வந்துவிடும். ஆனால் எல்லாப் பெயரும் இப்படி அமைவதில்லை. சாந்தி என்பதை எப்படி வரைவது? அமைதிக்கு உருவம் இல்லையே!

இங்கேதான் மனிதன் ஒரு நல்ல தந்திரத்தைக் கண்டுபிடித்தான். பொருளை வரைய முடியாவிட்டால், அதே ஒலியுள்ள வேறொரு பொருளை வரைந்துவிடு என்பதே அந்தத் தந்திரம். நம் தோட்டங்களில் அஞ்சலை என்ற பெயருடைய பெண்கள் பலர் உண்டு. அந்தப் பெயருக்கு உருவம் எதுவும் இல்லை. ஆனால் கடலில் எழும் அலைகளை ஐந்து முறை வரைந்து பாருங்கள். அஞ்சு அலை, சேர்த்துச் சொன்னால் அஞ்சலை! அந்தப் பெண்ணுக்கும் கடலுக்கும் ஓர் உறவும் இல்லை. அலையின் பொருள் நமக்கு வேண்டியதில்லை. அதன் ஒலியை மட்டும் கடன் வாங்கிக்கொண்டோம்.

ஆறுமுகம் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அது முருகனின் ஆறு முகங்களைக் குறிக்கிறது. ஆறு முகங்களையும் வரைய இடம் போதாது என்றால், ஓடுகின்ற ஓர் ஆற்றையும் பக்கத்தில் ஒரு முகத்தையும் வரைந்தால் போதும். தமிழ் தெரிந்தவர் உடனே ஆறுமுகம் என்று படித்துவிடுவார். தமிழ் தெரியாத ஒருவர் அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? யாரோ முகம் கழுவுகிறார் என்றுதான் நினைப்பார். இந்த உண்மையை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒலிக்காக வரைந்த படத்தைப் படிக்க, வரைந்தவரின் மொழி தெரிந்திருக்க வேண்டும்.

இந்த முறையை மிகத் திறமையாகக் கையாண்டவர்களில் மெக்சிகோ நாட்டின் ஆஸ்டெக் மக்களும் ஒரு சாரார். இது வட அமெரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் உள்ள நாடு. அவர்கள் பேசிய மொழிக்கு நாவாட்ல் என்று பெயர். இன்றும் மெக்சிகோவில் பல இலட்சம் மக்கள் அம்மொழியைப் பேசுகிறார்கள். 1521ஆம் ஆண்டில் ஸ்பானியர்கள் அவர்களுடைய தலைநகரைக் கைப்பற்றினார்கள். அதற்கு முன்பே அம்மக்கள் தோலிலும், மரப்பட்டையிலிருந்து செய்த தாளிலும் படங்களால் ஏடுகள் எழுதி வந்தார்கள். ஸ்பானியர் ஆட்சி வந்த பிறகும் அந்த வழக்கம் சில காலம் நீடித்தது. 1541ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட மெந்தோசா சுவடி என்பது அவற்றுள் புகழ்பெற்றது. அது இப்போது இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்து நூலகத்தில் இருக்கிறது.

அந்தச் சுவடியில் ஆஸ்டெக் மன்னர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் தலைக்குப் பின்னாலும் ஒரு சிறு படம் இருக்கும். படத்தையும் தலையையும் ஒரு மெல்லிய கோடு இணைக்கும். அந்தப் படம்தான் மன்னரின் பெயர். ஒரு மன்னருக்குப் பின்னால் ஒரு பாம்பு. அதன் முதுகில் கறுப்புக் கண்ணாடிக் கல்லால் ஆன கூர்முனைகள். நாவாட்ல் மொழியில் அந்தக் கல்லுக்கு இட்ஸ்ட்லி என்றும், பாம்புக்குக் கோவாட்ல் என்றும் பெயர். இரண்டையும் சேர்த்தால் இட்ஸ்கோவாட்ல். அதுவே மன்னர் பெயர். இன்னொருவருக்குப் பின்னால் புகை எழும் கேடயம். கேடயம் சிமாலி, புகைவது போபோக்கா. மன்னர் பெயர் சிமால்போபோக்கா.

நமக்கு வியப்பளிக்கும் ஒன்றும் அங்கே உண்டு. 1469 முதல் 1481 வரை ஆண்ட மன்னரின் பெயர் அஷாயாகாட்ல். அவருக்குப் பின்னால் இருப்பது ஒரு முகம். அதன்மேல் தண்ணீர் ஓடுகிறது. அவர்கள் மொழியில் தண்ணீருக்கு ஆட்ல், முகத்திற்கு ஷாயாகாட்ல். நாம் சற்று முன் வரைந்த ஆறும் முகமும் போலவே, அங்கே தண்ணீரும் முகமும்! ஏறக்குறைய ஒரே படம். ஆனால் தமிழர் படித்தால் ஆறுமுகம். ஆஸ்டெக் மக்கள் படித்தால் அஷாயாகாட்ல். மொழி மாறினால் படம் சொல்லும் பெயரும் மாறிவிடுகிறது.

உருவமில்லாத சொல்லுக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். குவாவ்நாவாக் என்று ஓர் ஊர். மரங்களுக்கு அருகில் என்பது அதன் பொருள். மரத்தை வரைந்துவிடலாம், அருகில் என்பதை எப்படி வரைவது? அச்சொல்லின் ஒலி, பேச்சைக் குறிக்கும் சொல்லின் ஒலியைப் போன்றது. எனவே மரத்தை வரைந்து, அதிலிருந்து பேச்சு புறப்படுவது போல ஒரு சுருளையும் வரைந்தார்கள். மரம் பேசுகிறது என்பது அதன் பொருளன்று. நமது அஞ்சலையைப் போலவே அங்கும் ஒலி மட்டும் கடன் வாங்கப்பட்டது.

மன்னர்களுக்கு மட்டும்தானா இந்த மரியாதை என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை. வெசோட்சிங்கோ என்ற ஊர்ப் பகுதியில் 1560ஆம் ஆண்டில் ஒரு வரிப் பதிவேடு எழுதப்பட்டது. அதில் ஆயிரக்கணக்கான சாதாரணக் குடிமக்களின் பெயர்கள் உள்ளன. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு சிறு தலை. அதன் அருகில் அவர் பெயருக்குரிய படம். தோட்டத்துச் செக்ரோலில் வரிசையாகப் பெயர் இருக்குமே, அதைப் போன்றதுதான் அதுவும். ஸ்பானியர்கள் அவர்களுக்கு ஹுவான் போன்ற கிறிஸ்துவப் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். ஆனாலும் சொந்த மொழிப் பெயரும் சொந்தப் படமும் அந்த ஏட்டில் நிலைபெற்றுவிட்டன. அந்த ஏடு இன்று பாரிஸ் நகரத்துத் தேசிய நூலகத்தில் உள்ளது. நானூறு ஆண்டுகளுக்கு முந்திய உழவர்களின் பெயர்களை இன்றும் உரக்கப் படிக்கலாம்.

பெயர் வைப்பதிலும் அவர்களுக்கும் நமக்கும் ஒற்றுமை உண்டு. அவர்களுக்கு 260 நாள் கொண்ட ஒரு நாட்கணக்கு இருந்தது. மான், முயல், நாய், குரங்கு, கழுகு போன்ற 20 நாட்குறிகளோடு, ஒன்று முதல் 13 வரையான எண்கள் சேர்ந்து வரும். இரண்டு முயல் என்ற நாளில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு முயல் என்றே பெயரிடலாம். எழுதும்போது முயல் தலையை வரைந்து இரண்டு புள்ளி வைத்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கு மூத்தவள், நடுவில் பிறந்தவள், கடைசியில் பிறந்தவள் என்று பொருள்படும் பெயர்களைப் பெருவாரியாக வைத்தார்கள். நம் தோட்டங்களில் பெரியம்மாளும் சின்னம்மாளும் இல்லாத லயம் உண்டா?

இந்தப் படங்களை அறிஞர்கள் எப்படிப் படித்தார்கள்? படங்களின் பக்கத்திலேயே ஸ்பானியர் கொண்டுவந்த எழுத்தில் அந்தப் பெயர்கள் பல ஏடுகளில் எழுதப்பட்டிருக்கின்றன. மொழியும் அழியாமல் இருக்கிறது. இந்த இரண்டு உதவியும் இருந்ததால் பெரும்பாலான பெயர்கள் விளங்கிவிட்டன. இனி நாம் பார்க்கப்போகும் சிந்துவெளி எழுத்துக்கு அந்த இரண்டு உதவியும் கிடைக்கவில்லை.

சிந்துவெளியில் மொகஞ்சதாரோ, ஹரப்பா என்ற பழைய நகரங்கள் புதைந்து கிடந்ததை நேயர்கள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1924ஆம் ஆண்டில் ஜான் மார்ஷல் என்பவர் இந்தச் செய்தியை உலகிற்கு அறிவித்தார். ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன் சிறப்புற்றிருந்த நகரங்கள் அவை. அங்கே சிறு கல் முத்திரைகள் நிறையக் கிடைத்தன. பெரும்பாலும் சதுரமானவை, தீப்பெட்டியைவிடச் சிறியவை. ஒற்றைக்கொம்பு விலங்கு, எருது, யானை போன்ற ஓர் உருவமும், அதற்கு மேலே வரிசையாகச் சில குறியீடுகளும் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கும்.

இந்த முத்திரைகள் எதற்குப் பயன்பட்டன? குஜராத்தில் லோத்தல் என்ற இடத்தில், முத்திரை குத்திய களிமண் துண்டுகள் கிடைத்தன. அவற்றின் பின்புறத்தில் துணியும் கயிறும் பதிந்த தடம் இருக்கிறது. சரக்கு மூட்டையின் முடிச்சில் ஈரக் களிமண்ணை அப்பி, அதன்மேல் முத்திரை குத்தியிருக்கிறார்கள் என்பது இதனால் தெரிகிறது. மூட்டையில் குத்துவது என்றால், அது யாருடைய சரக்கு என்று காட்டத்தானே? ஆகவே அந்தக் குறியீடுகளில் ஆட்களின் பெயரும் பதவியும் இருக்கக்கூடும் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

அந்தப் பெயர்கள் எந்த மொழியில் உள்ளன? இங்கேதான் தமிழ் உள்ளே வருகிறது. முத்திரைகளில் அடிக்கடி வரும் குறியீடுகளில் ஒன்று மீன் வடிவம். பம்பாயில் வாழ்ந்த ஹீராஸ் பாதிரியார் என்ற ஸ்பானிய அறிஞர் இதைக் கண்டு ஒரு கருத்தைச் சொன்னார். மூட்டை மூட்டையாக எல்லாரும் மீனைப் பற்றியா எழுதுவார்கள்? தமிழில் மீன் என்றால் நீரில் நீந்தும் மீன் மட்டுமன்று. வானத்தில் மின்னுவதும் மீன்தான். விண்மீன் என்கிறோம் அல்லவா? வானத்து மீனை எழுதுவதற்காகத் தண்ணீர் மீனை வரைந்திருக்கலாம் என்பது அவர் எண்ணம். அஞ்சலைக்கு நாம் அலை வரைந்த அதே முறை!

பின்லாந்து நாட்டு அறிஞர் அஸ்கோ பர்ப்போலா இந்தக் கருத்தை மேலும் வளர்த்து, 1994இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். மீனுக்கு முன்னால் சில இடங்களில் ஆறு கோடுகளும், சில இடங்களில் ஏழு கோடுகளும் வருகின்றன. ஆறு மீன் என்றால் அறுமீன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்திற்குச் சங்க நூல்களில் வழங்கும் பெயர் அது. ஏழு மீன் என்றால் எழுமீன். வட வானில் தெரியும் சப்தரிஷி மண்டலத்திற்கு நம் பழைய பெயர். மனிதர்களுக்கு நட்சத்திரப் பெயர் வைக்கும் வழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. ரோகிணி, ரேவதி, சுவாதி, ஆதிரை ஆகியவை எல்லாம் நட்சத்திரங்களே. அந்த முத்திரைக்கு உரியவர்களும் தம் நட்சத்திரத்தையே பெயராகக் கொண்டிருந்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது. மெக்சிகோவில் எண்ணும் முயலும் சேர்ந்து ஓர் ஆளின் பெயரானதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் நேயர்களே, எண்ணத் தோன்றுவது வேறு, மெய்ப்பிக்கப்பட்டது வேறு. சிந்துவெளி எழுத்து இன்றுவரை எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி படிக்கப்படவில்லை. ஐராவதம் மகாதேவன் அவர்கள் பல ஆண்டுகள் உழைத்து, எல்லாக் குறியீடுகளையும் தொகுத்து 1977இல் ஒரு பெரிய அட்டவணை வெளியிட்டார். அதில் 417 குறியீடுகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. அந்த மொழி திராவிட மொழியாக இருக்கக்கூடும் என்பதே அவர் கருத்து. அது வேறு மொழி என்போரும் உண்டு. 2004ஆம் ஆண்டில் மூன்று அறிஞர்கள், இது எழுத்தே அன்று, வெறும் அடையாளக் குறிகளே என்றுகூட வாதிட்டார்கள்.

ஏன் இவ்வளவு சிக்கல்? ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறியீடுகள்தாம் இருக்கின்றன. நீண்ட வாசகம் இல்லை. அதைவிடப் பெரிய குறை, தெரிந்த ஒரு மொழியில் பக்கத்திலேயே விளக்கம் எழுதிய கல்லோ முத்திரையோ கிடைக்கவில்லை. இரு மொழியில் எழுதிய ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் பூட்டு திறந்துவிடும். அதற்கு நம்பிக்கை ஊட்டும் ஒரு பொருள் பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஈராக் பகுதியில் செய்த ஒரு பழைய முத்திரை அது. ஷு-இலிஷு என்ற மனிதர், மெலுகா மொழிக்குத் துபாஷி என்று அதில் எழுதியிருக்கிறது. மெலுகா என்பது சிந்துவெளியே என்பது பெரும்பாலோர் கருத்து. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் இருந்தார் என்றால், இரண்டு மொழியிலும் எழுதிய ஏதாவது ஒன்று மண்ணுக்குள் இருக்கலாம் அல்லவா? இந்த எழுத்தைச் சரியாகப் படித்து விளக்குவோருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு என்று தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2025 ஜனவரியில் அறிவித்தார்.

சிந்துவெளியை இங்கே நிறுத்திக்கொண்டு, ஐயத்திற்கு இடமில்லாத ஓரிடத்திற்கு வருவோம். தமிழ்நாட்டில் பழைய ஊர்களைத் தோண்டும்போது பானை ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. பல ஓடுகளில் மீன், ஏணி, சூரியன், வில் அம்பு போன்ற கீறல் குறிகள் உள்ளன. சில ஓடுகளில் பழந்தமிழ் எழுத்தில் பெயர்களே கீறப்பட்டுள்ளன. சில ஓடுகளில் பெயரும் குறியும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்கின்றன. குறியிலிருந்து எழுத்துக்கு மக்கள் மாறிய காலத்தில் இரண்டும் ஒன்றாகப் புழங்கியிருக்கின்றன.

மதுரைக்கு அருகே, சிவகங்கை மாவட்டத்திலுள்ள கீழடியில் 2015 முதல் அகழாய்வு நடந்து வருகிறது. அங்கே கிடைத்த ஓடுகளில் ஆதன் என்றும், குவிரன் ஆதன் என்றும் பெயர்கள் உள்ளன. 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பெயர்கள் இவை. இவர்கள் மன்னர்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. பானை மாறிப் போகாமல் இருக்கத் தம் பெயரைக் கீறி வைத்தவர்கள். வாளியின் அடியில் ஆணியால் தன் பெயரைக் கீறி வைக்கும் பால்மரத் தொழிலாளி செய்வதும் இதைத்தான். மன்னர்களின் செப்பேடுகளைவிட இந்த ஓடுகள் நமக்கு நெருக்கமானவை. எழுத்து அரண்மனைக்குள் மட்டும் அடைந்து கிடக்கவில்லை, அடுப்படி வரை வந்திருந்தது என்பதற்கு இவை சாட்சி.

இந்தப் பெயர்கள் கடல் தாண்டி நம் பக்கமும் வந்தன. பினாங்கிற்கு வடக்கே, தாய்லாந்தின் தென்பகுதியில் கிராபி மாநிலத்தில் க்லோங் தோம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பொன்னை உரைத்துப் பார்க்கும் சிறு உரைகல் ஒன்று கிடைத்தது. அதில் பழந்தமிழ் எழுத்தில் பெரும்பதன் கல் என்று பொறித்திருக்கிறது. பத்தர் என்று பொற்கொல்லரைச் சொல்வதை நாம் அறிவோம். பெரிய பத்தர் ஒருவர் தம் உரைகல்லில் தம் பெயரை எழுதிவைத்தார். ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முந்திய கல் அது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஒரு கைத்தொழிலாளியின் பெயர், அவரது கருவியில் இன்றும் நிற்கிறது.

இன்னும் அருகே வருவோம். செபராங் பிறை, வெல்லெஸ்லி மாநிலம் என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1834ஆம் ஆண்டில், ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அங்கே ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். நடுவில் ஒரு பௌத்த தூபியின் படம். சுற்றிலும் வடமொழி வாசகம். செம்மண் நாட்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற பெருங்கப்பல் தலைவனின் கல் அது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்கிறார்கள். இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூபியின் படம் அந்த மாலுமியின் சமயத்தை மட்டும் சொல்கிறது. எழுத்துத்தான் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறது. எழுத்து இல்லாமற்போயிருந்தால், யாரோ ஒரு பௌத்தன் வந்துபோனான் என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரிந்திராது.

இதே செபராங் பிறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் வேலை செய்ய நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. அவர்கள் பெயர்களும் ஏட்டில் ஏறின. ஆனால் ஒரு வேறுபாடு. குவிரன் ஆதன் பானையிலும், பெரும்பதன் உரைகல்லிலும் சொந்த மொழி எழுத்தே இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளின் பெயரைத் தாயோ தகப்பனோ வாயால் சொன்னார். கிராணியாரோ அலுவலரோ காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். சரியாகத்தான் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவருக்கு எழுத்துத் தெரியாது. எழுதியவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்ததும் உண்டு.

ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை எழுதும்போது ஒரு சங்கடம் இருக்கிறது. நம்முடைய ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் எல் என்ற ஓரெழுத்தையே போடுகிறார்கள். வள்ளியும் வல்லியும் ஒன்றாகிவிடுகிறார்கள். குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு போய்விடுகிறது. குமரனும் குமாரனும் ஒருவரே ஆகிவிடுகிறார்கள். பழனி என்ற பெயரை ஒருவர் கடைசியில் ஐ போட்டு எழுதுவார், மற்றொருவர் ஒய் போட்டு எழுதுவார். வாயால் சொன்னால் ஒரே பழனிதான். ஆனால் அலுவலக மேசையில் அந்த இரண்டு எழுத்துகளும் இரண்டு ஆட்கள்!

இது விளையாட்டன்று. 1948ஆம் ஆண்டில் மலாயாவில் அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது முதல், ஒருவர் யார் என்பதை அவருடைய தாள்களே சொல்ல வேண்டியிருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், சேமநிதிப் பணம் எடுக்கும்போதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும், இறந்தவரின் சொத்தை வாரிசுகள் கேட்கும்போதும் இடர்ப்பாடு வருகிறது. உழைத்தவர் நீங்கள்தான் என்பதை ஊரே அறிந்திருந்தாலும், தாள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அலைச்சல்தான். தகப்பன் பெயரும் இதில் சேரும். ஆணுக்கு ஏ/எல் என்றும் பெண்ணுக்கு ஏ/பி என்றும் மலாய்ச் சுருக்கம் இட்டு, அதற்குப்பின் தகப்பன் பெயரை எழுதுகிறார்கள். ஆகையால் தகப்பன் பெயரில் உள்ள பிழை பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தொடர்ந்து வரும்.

ஆகவே சில எளிய காரியங்களை நாம் வழக்கமாக்கிக் கொள்வது நல்லது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே அதை உருமி எழுத்தில் எப்படி எழுதுவது என்று வீட்டில் முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு பதிவுக்குப் போக வேண்டும். பிறப்பைக் காலம் தாழ்த்தாமல் பதிய வேண்டும். பத்திரம் கைக்கு வந்ததும், மடித்துப் பெட்டியில் வைக்குமுன் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தகப்பன், தாய் ஆகியோரின் அடையாள அட்டையில் உள்ளபடியே அவர்கள் பெயரும் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிழை கண்டால் உடனே தேசியப் பதிவிலாகாவில் சொல்ல வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட பிழை, இருபது ஆண்டு கழித்துப் பெரிய வழக்காகிவிடும். பழைய பத்திரங்கள் எவ்வளவு கசங்கியிருந்தாலும் எறிந்துவிடக் கூடாது. நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால், படிக்கத் தெரிந்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் செய்யலாம். பத்திரத்தில் எந்த எழுத்தில் இருந்தாலும், வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும், பாட்டன் பாட்டி பெயரையும், அவர்கள் வந்த ஊரின் பெயரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எத்தனையோ தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. பழைய லயங்களும் பெரட்டுக் களங்களும் மறைந்துவிட்டன. ஆனால் பானை ஓட்டில் கீறிய ஆதனின் பெயர் 2,000 ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்தும் அழியவில்லை. சிந்துவெளி வணிகரின் பெயரோ கண்ணெதிரே கல்லில் இருந்தும், அதைச் சொல்லத் தெரிந்தவர் எவரும் இல்லை. நம் பிள்ளைகள் நம் பெயரை எழுதவும் வேண்டும், சரியாகச் சொல்லவும் வேண்டும். இரண்டையும் இன்று வீட்டிலேயே கற்றுக்கொடுக்கலாம்.